கடலுக்குக் கண்ணாடி

பெரம்பலூர் ஜில்லாவில் காரை என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஊரைத் தாண்டிச் சற்று தூரம் நடந்தால் பூமியின் முகமே மாறிவிடும். மழை அறுத்த ஓடைகள், வெளிறிய செம்மஞ்சள் மேடுகள், நடுநடுவே வெயிலில் மின்னும் ஜிப்சம் சில்லுகள். குனிந்து பார்த்தால் துப்பாக்கி ரவை மாதிரிக் கூரான கற்கள் கிடக்கும். அவை கற்களல்ல. கணவாய்க்குத் தாயாதியான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த ஓடு. 10 கோடி வருஷங்களுக்கு முன் இந்த இடம் கடல்.

ஒரு தடவை அங்கே குனிந்தபோது என் மூக்குக்கண்ணாடி நழுவி ஓடைக்குள் விழுந்துவிட்டது. வலக்கண்ணுக்கு ஆறரை, இடக்கண்ணுக்கு ஐந்தரை மைனஸ் பவர் உள்ளவன் கண்ணாடியைத் தொலைத்தால் அதைத் தேடுவதற்கும் கண்ணாடி வேண்டும். மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தேன்.

"தடவாதீங்க தம்பி. நத்தைக்கல்லும் அதான், தேளும் அதான் கையில படும்" என்று ஒரு குரல் கேட்டது. ஆடு மேய்க்கும் பெரியவர். நாலடி தூரத்தில் கிடந்ததைக் கோலால் கிளப்பி எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். "இது இல்லாட்டி ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா" என்றேன். அது முழுக்க உண்மையல்ல. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை அப்படித்தான் பல வருஷம் படித்தேன். வாத்தியார் நான் முறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த இடுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1840களில் கே என்ற சென்னை சிவில் உத்தியோகஸ்தரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் இந்தச் சிப்பிகளைப் பொறுக்கி மூட்டை கட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை வர்ணித்து எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த மண்ணை அளந்து வரைபடம் போட்டார். 1861ல் அவர் வெளியிட்ட பகுதியில் நாட்டிலஸ் என்ற பிராணியின் வகைகள் வருகின்றன. அவர் விட்ட வேலையை ஸ்டோலிச்கா தொடர்ந்து 1873 வரை செய்து முடித்தார். அடுத்த வருஷமே லடாக் மலைகளில் இறந்துபோனார். இவர்கள் அத்தனை பேரும் நம் கடலடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர்கள். அதற்காக ஒருவர்கூட நனையவில்லை.

நாட்டிலஸின் உறவுக்காரர்கள் இன்னும் பசிபிக் பக்கத்து ஆழக் கடல்களில் உயிரோடு இருக்கிறார்கள். அதன் கண்ணில் லென்ஸ் கிடையாது. வெறும் துளை; கடல் நீர் அதன் வழியாக உள்ளே போய் வரும். துளை சிறியதாக இருப்பதனாலேயே உருவம் ஓரளவு விழுகிறது. கரும்பலகையின் முன்னால் நான் செய்ததும் அதே வித்தைதான். அரியலூர்க் கடலின் பழைய குடி ஒன்று பிறவியிலேயே கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு ஒரு பந்துத்துவம் உண்டாகிவிட்டது. வற்றிப்போன கடலை இவ்வளவு பார்த்தாகிவிட்டது, நீர் உள்ள கடலையும் ஒரு தரம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

நாற்பதைத் தாண்டியவனுக்கு வரக்கூடாத ஆசை என்று வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

புதுச்சேரிக்குப் போனேன். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கக் கற்றுத் தருகிறவர்கள் அங்கே உண்டு. பயிற்சி கொடுத்த பையனிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். "உள்ளே எல்லாம் பெரிசாத் தெரியும் சார். பவர் தேவைப்படாது" என்றான். அது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிக் கடலில் இறங்குவது உசிதமல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைப் படகிலே கழற்றி வைத்துவிட்டு, அவன் கொடுத்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன்.

நீருக்குள் பேச்சு கிடையாது, கைதான் வாய். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமானால் 'சௌக்கியம்'. கட்டைவிரல் மேலே நிமிர்ந்தால் 'மேலே போவோம்'. கரையில் அதையே 'பேஷ்' என்று காட்டிப் பழகியவர்கள் நாம். உள்ளே அர்த்தம் வேறு. இரண்டு கஜ தூரத்தில் அந்தப் பையன் பச்சை நிறத்தில் ஒரு கரைந்த உருவமாக மிதந்தான். அவன் கை இருக்கும் இடத்தில் ஏதோ அசைந்தது. நான் 'சௌக்கியம்' என்று காட்டினேன். மறுபடி அசைந்தது. மறுபடியும் 'சௌக்கியம்' என்றேன். மூன்றாம் தரம் அவனே நீந்தி வந்து, என் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போனான். மேலே வந்ததும், "மூணு வாட்டி ஏறலாம்னு சொன்னேனே சார்" என்றான். கோபம் இல்லை அவனுக்கு, முகம்தான் வெளுத்திருந்தது. கீழே நான் மீனும் பார்க்கவில்லை, மண்ணும் பார்க்கவில்லை. என் உயிரைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி எது என்றே தெரியாமல் மூன்று தடவை பதில் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஊருக்கு வந்து புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன்.

தண்ணீருக்குள் வெறும் கண்ணால் ஏன் தெரிவதில்லை? நம் கண்ணின் மொத்த பவர் ஏறக்குறைய 60. அதில் 43 கருவிழியிலிருந்து கிடைக்கிறது. காற்றிலிருந்து ஈரமான கண்ணுக்குள் நுழைகிற இடத்தில்தான் வெளிச்சம் மடங்குகிறது. வெளியிலும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர் மாதிரியான வஸ்து என்றால் மடங்க இடமே இல்லை. நாற்பது பவருக்கு மேல் ஒரு நொடியில் பறிபோய்விடும். நல்ல கண், கெட்ட கண் என்ற பேதமெல்லாம் அங்கே செல்லாது. கணக்குப் பார்த்தால், என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரனுக்கு மற்றவரைவிட ஆறு பவர் நஷ்டம் குறைவு! வாழ்க்கையில் என் கண்ணுக்குக் கிடைத்த ஒரே அனுகூலம் அதுதான். அதனால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

இதை நன்றாகச் சோதித்துப் பார்த்தவர் தாமஸ் யங். 1800ஆம் வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்த பிரசங்கத்தில் அதைச் சொன்னார். ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பின் லென்ஸைக் குழாயோடு எடுத்து, குளிர்ந்த நீர் நிரப்பித் தம் கண்ணின் மேலேயே வைத்துக்கொண்டார். கருவிழியின் சக்தி போய்விட்டது. ஆனாலும் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கண் தன்னை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆகவே அந்த வேலையைச் செய்வது கருவிழி அல்ல என்று நிரூபித்தார்.

அடுத்தவர் கொஞ்சம் விசித்திரமான ஆசாமி. பிரான்சிஸ் கால்ட்டன் 1865ல் முங்குகிறவர்களுக்கு மூக்குக்கண்ணாடி என்றே ஒரு கட்டுரை வாசித்தார். பறிபோகும் பவரைத் தடித்த குவிந்த கண்ணாடியால் ஈடுகட்டலாம் என்பது அவர் யோசனை. அதைத் தம் குளியல் தொட்டியிலேயே சோதித்தார். தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டு படிப்பாராம். படிக்கிற சுவாரசியத்தில் மூச்சு விட வேண்டும் என்பதே மறந்துபோய் ஆபத்துக்கு அருகில் போயிருக்கிறார். நாவல் எழுதுகிற எனக்கு இந்த மாதிரி ஒரு வாசகர் கிடைத்தால் போதும்!

கால்ட்டன் தொட்டியில் செய்ததை நம் ஜனங்கள் கடலில் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் செய்துவந்தார்கள். தமிழில் அதற்கும் 'குளிப்பது' என்றே பெயர். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் ஒரு நிமிஷம் போல இருந்து, கையில் அகப்பட்டதைக் கூடையில் போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். எத்தனையோ ராஜ்யங்கள் இந்தக் கண்களை நம்பிக் கஜானா கணக்குப் போட்டன. எந்தப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறது என்று பார்க்க, முன்கூட்டியே ஆட்களை இறக்கி மாதிரி எடுத்து எண்ணுவார்கள். சர்க்கார் அதிகாரி படகில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். கடலடியை அவர் பார்த்ததே இல்லை. பார்த்தவருக்கோ அது மங்கலாகத்தான் தெரிந்தது. 1905ல் இலங்கைக் கரையில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பிகளை எடுத்தார்கள். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்து போனவர்கள் அதில் ஏராளம். அத்தனையும் நாற்பது பவர் குறைந்த கண்களால் பொறுக்கியவை.

பழக்கத்தினால் கண் எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு ஒரு சாட்சி 2003ல் கிடைத்தது. தாய்லாந்துக் கடலோரத்தில் மோக்கன் என்ற கடலோடிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் வெறும் கண்ணோடு நீருக்குள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று ஸ்வீடன் தேசத்து ஆன்னா கிஸ்லேன் கண்டார். அந்தக் குழந்தைகள் நீருக்குள் கண்ணின் பாப்பாவைச் சுருக்கிவிடுகிறார்கள். மறுபடியும் நாட்டிலஸ்! நம்முடைய சங்கு குளிக்கும் பையன்களின் கண்ணை அந்தக் காலத்தில் யாராவது இப்படிச் சோதித்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ. சிப்பியை எண்ணினார்களே தவிர, கண்ணை யாரும் பார்க்கவில்லை.

சிரமத்துக்கு உண்மையான பரிகாரம் கண்ணாடி அல்ல, காற்று. கண்ணுக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் காற்றை அடைத்து எடுத்துப் போனால், கருவிழி இழந்த வேலை திரும்பக் கிடைத்துவிடும். கண்ணாடி அந்தக் காற்றுக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான். 1830களில் சீபே செய்த செப்புத் தலைக்கவசத்துக்குள் தலை முழுவதும் காற்றில் இருந்தது; மூக்குக்கண்ணாடிக்காரர் அதைப் போட்டபடியே உள்ளே நுழையலாம். அந்த வசதி பின்னால் வந்த சின்ன சாதனங்களில் போய்விட்டது.

1930களில் பிரான்சின் தென்கரையில் கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கதாசிரியர் (நம் ஜாதி!) பழைய விமானக் கண்ணாடிக்குப் புட்டியும் பெயின்டும் பூசி நீருக்குள் எட்டிப் பார்த்தார். 1938ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1936ல் தூலான் நகரத்துக்கு அருகே கூஸ்தோ அதே மாதிரி ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்து மயங்கிப்போனார். ஆனால் கண்களை மட்டும் மூடும் கண்ணாடியில் ஒரு தோஷம் உண்டு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும். உள்ளே அடைபட்ட காற்று சுருங்கும். கண்ணை உறிஞ்சி ரத்தம் கட்டிவிடும். ஆகவே மூக்கையும் உள்ளே சேர்த்து மூடினார்கள். மூக்கால் கொஞ்சம் காற்று விட்டால் அழுத்தம் சமமாகிவிடும். நீச்சல் குளத்தில் போடும் பவர் கண்ணாடியை ஆழத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. 1943ல் கூஸ்தோவும் காக்னானும் காற்று சிலிண்டரை முதுகுக்குக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை கடைசித் தொடராக முத்துக் குளித்தார்களே, அதை ஒட்டிய வருஷங்களில் நம் விஞ்ஞானிகளும் சிலிண்டர் கட்டிக்கொண்டு முத்துப் பார்களை நேரில் பார்க்க இறங்கினார்கள். கணக்கு எழுதுகிறவரே கடலடியைப் பார்க்கும் காலம் வந்தது.

மூக்குக்கண்ணாடிக்காரனின் கதி என்ன? மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்ட வேண்டும். நடுவில் மூக்குக்கண்ணாடியின் காது போனால் ஒட்டாது, தண்ணீர் வந்துவிடும். பவரை மாஸ்க்குக்குள்ளேயே வைப்பதைத் தவிர வழியில்லை.

எங்கள் தாத்தாவிடம் வல்லத்துக் கல்லில் செய்த கண்ணாடி ஒன்று இருந்தது. தஞ்சாவூருக்கு அடுத்த வல்லத்தில் கிடைக்கும் ஸ்படிகத்தைச் சாணை பிடித்து மூக்குக்கண்ணாடி செய்வது அந்தப் பக்கத்துப் பழைய தொழில். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். பூமியில் கிடந்த கல்லே கண்ணாகும் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். அந்த ஞாபகத்தோடுதான் திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் சீட்டைப் பார்த்து, "சிலிண்டர் உண்டா சார்?" என்று கேட்டார்.

"முதுகிலே உண்டு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோணப் பார்வைக்குத் தரும் பவரைச் சிலிண்டர் என்பது அவர்கள் பாஷை. எனக்கு வலக்கண்ணில் அரை இருந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். இரட்டைக் கண்ணாடி உள்ள மாஸ்க்கில், இரண்டையும் கழற்றிவிட்டுப் பவர் உள்ள கண்ணாடிகளைப் பொருத்தலாம். அவை அரை அரைப் பவராக ஏறுவரிசையில் தயாராகக் கிடைக்கும். இரு கண்ணுக்கும் வெவ்வேறு பவர் வைக்கலாம். சிலிண்டர் பவர் அவற்றில் வராது. அது அதிகம் உள்ளவர்கள் தனியாக லென்ஸ் கடைந்து மாஸ்க்கின் உட்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அரைதானே, விட்டுவிடலாம் என்றார். விழியிலே ஒட்டும் மெல்லிய லென்ஸ் போட்டுக்கொண்டு முங்குகிறவர்களும் நிறைய உண்டு. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் அது அடித்துக்கொண்டு போகலாம்; அழுக்கு நீரில் கண்ணுக்குக் கிருமித் தொல்லையும் வரலாம். எனக்கோ என் கண்ணை நானே தொடும் தைரியம் இல்லை.

பையன் சொன்ன பாதி உண்மை இங்கேதான் விளங்கிற்று. தட்டைக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கும் தூரத்தில் முக்கால் தூரத்திலும் தெரியும். ஒன்று, ஒன்றரைப் பவர் உள்ளவர்களுக்கு அதுவே போதும். ஆறரைக்கு அது எந்த மூலைக்கு?

ஆனால் எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. வெள்ளெழுத்து. சில வருஷங்களாகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேப்பர் படிக்கிறேன். சிலிண்டரில் இன்னும் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் முள் ஒன்று கையருகே தொங்கும். பவரே இல்லாவிட்டால் அந்த முள் கிட்டத்தில் தெரியும். எதிரே உள்ளவன் கை தெரியாது. முழுப் பவர் போட்டால் கை தெரியும், முள் மங்கும். நீருக்குள் அது முக்கால் தூரத்துக்கு நெருங்கி வந்து நிற்பதால் இன்னும் மோசம். நெற்றிக்கு ஏற்றிப் பார்க்க அங்கே முடியாது. கையா, முள்ளா? இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் உதவாது.

வெகுநேரம் பேசி, இரு கண்ணிலும் அரைப் பவரைக் குறைத்தோம். வலது ஆறு, இடது ஐந்து. தூரத்து மீன் கொஞ்சம் மங்கட்டும். நம் கடலில் அப்படியும் எவ்வளவு தூரம் தெரியப்போகிறது! கண் டாக்டரும் விழித்திரையைப் பரிசோதித்துவிட்டுச் சரி என்றார்.

மாஸ்க்கை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் கையை எடுத்தபின்னும் விழாமல் நிற்க வேண்டும். அதுதான் பரீட்சை. என் முகத்தில் நிற்கவில்லை. இரண்டு மூன்று மாஸ்க்கை மாற்றிப் பார்த்தும் விழுந்தது. காரணம் மீசை! மயிர் இருக்கும் இடத்தில் ரப்பர் ஒட்டாது. இருபது வருஷத்து மீசையின் மேல்வரிசையை மூக்குக்குக் கீழே ஒரு விரற்கடை மழித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ பழைய சினிமா வில்லன் போல் இருந்தது.

மறுபடி புதுச்சேரி, அதே பையன். இறங்கும்முன் மாஸ்க்கின் உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்து அலம்பச் சொன்னான், ஆவி படியாதாம். இறங்கினேன். எட்டு மீட்டரில் தரை வந்தது. அவன் கையைக் காட்டினான். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்திருந்தன. அவன் நகத்தில் இருந்த அழுக்குகூடத் தெரிந்தது. நான் பதில் காட்டிவிட்டு, கையை நீட்டி முள்ளைப் பார்த்தேன். 140. இன்னும் தாராளமாக இருக்கிறது. என் காற்றை நானே படித்தேன்.

ஒரு பாறை மேல் சிப்பிகள் ஒட்டியிருந்தன. அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், சிமென்ட் ஆவதற்காக வெட்டிப்போட்ட பாளங்களில், அடுக்கடுக்காக இருக்கும் சிப்பிகளை நான் எத்தனையோ தரம் தடவியிருக்கிறேன். அதுவும் ஒரு காலத்துப் பார்தான். இது அதன் பங்காளி. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெருங்கினேன். என் நிழல் பட்டதும், கண் என்று சொல்லும்படி ஒன்றுமில்லாத அந்த ஜந்து டப்பென்று மூடிக்கொண்டது. கல்லங்குறிச்சியில் எதுவும் என்னைப் பார்த்து வாயை மூடியதில்லை. அங்கேயே மிதந்துகொண்டு அது மறுபடி திறக்கும்வரை காத்திருந்தேன். பையன் கட்டைவிரலை நிமிர்த்தினான். முதல் தரத்திலேயே புரிந்தது.

போன மாதம் காரைக்கு மாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "இங்கிட்டு கொண்டாங்க" என்று வாங்கி, தலைப்பாகையைக் கழற்றிவிட்டு முகத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் செம்மண் மேடுகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே தம்பி. எல்லாம் கலங்கிக் கெடக்கு. கடலு இப்படித்தான் இருக்குமா?"

"அது என் கண்ணுக்கு அளந்ததுங்க ஐயா."

"அதானே பார்த்தேன்" என்று கழற்றிக் கொடுத்தார். பிறகு கோலை நீட்டி, முந்தின வாரத்து மழையில் மண் சரிந்திருந்த ஓடையைக் காட்டினார். கரையில் பாதி புதைந்தபடி, தேர்ச்சக்கரம் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருள்கல் ஒன்று வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் இருபது கஜத்துக்கு அப்பாலிருந்தே அதைப் பார்த்திருந்தார்.